ஸ்பிளைசிங்கா, ஃபாஸ்ட் கனெக்டரா?

காரைக்குடிப் பக்கம் பெரிய வீடுகளில் முகப்பில் நுழையும் இன்டர்நெட் ஃபைபர் கேபிள், வளவை (நடுமுற்றப் பகுதியை)த் தாண்டி இரண்டாம் கட்டு வரை போக வேண்டும். கேபிள் முனையை எப்படி முடிப்பது என்பதில்தான் குழப்பம். ஸ்பிளைசிங் என்றால் இரு ஃபைபர் முனைகளை மெஷினில் உருக்கி ஒட்டுவது; ஃபாஸ்ட் கனெக்டர் என்றால் மெஷின் இல்லாமல் கையாலேயே முனையில் மாட்டும் தலை.

ஒளி இழப்பு: ஸ்பிளைசிங்கில் ஓர் ஒட்டுக்குப் பொதுவாக 0.1 டிபிக்குள் (டெசிபல்; குறைந்தால் நல்லது). கனெக்டரில் 0.3 முதல் 0.5 வரை.

செலவு: ஸ்பிளைசிங்குக்கு மெஷின் வேண்டும், கூலியும் கூடும். கனெக்டர் சட்டைப்பையில் அடங்கும்.

எவ்வளவு நாள் உழைக்கும்: இங்கேதான் வித்தியாசம். கனெக்டருக்குள் இரு முனைக்கும் நடுவே ஒரு ஜெல் இருக்கிறது. வெயில் நேராக விழும் வெளிச்சுவர்ப் பெட்டியில் நாளாவட்டத்தில் அது கெடும்; நெட் விட்டுவிட்டு வரும். சுண்ணாம்புத் தூசி முனையில் ஒட்டினாலும் இதே கதிதான். ஒட்டுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் ஒட்டைக் காக்கும் சிறு குழாயான ஸ்லீவை முதலிலேயே கோர்க்க மறந்தால், வெட்டிவிட்டு மறுபடி ஒட்டணும்!

ஃபைபரை நேராக வெட்டும் கருவியான கிளீவரின் பிளேடு மழுங்கினால் இரண்டுமே சொதப்பும்.

சொந்த வீடா? வெளிப்பெட்டியில் பச்சைத் தலை எஸ்சி/ஏபிசி பிக்டெயிலை (ஒரு முனையில் ஏற்கெனவே தலை மாட்டிய சிறு ஃபைபர் துண்டை) ஸ்பிளைஸ் செய்யுங்கள். வாடகை வீடு, ஒரே அறை என்றால் கனெக்டர் போதும். எதுவானாலும் முட்டை வெள்ளைக்கரு பூச்சுச் சுவரில் மட்டும் ஆணி அடிக்காதீர்கள். கேபிளை உத்தரத்தை ஒட்டிக் கொண்டுபோங்கள்.