நீக்கலா, பிரதியிடலா? இரண்டு மாறிச் சமன்பாடுகளுக்கு நான் எடுத்த பக்கம்

தமிழ்நாட்டு ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இயற்கணிதப் பாடத்தை முடிக்கும்போது பிள்ளைகள் கையில் நான்கு வழிகள் இருக்கும்: வரைபட முறை, பிரதியிடல் முறை, நீக்கல் முறை, குறுக்குப் பெருக்கல் முறை. நான்கிலும் வரப்போவது ஒரே விடைதான். அதனால் "எந்த முறைல போடணும் மிஸ்?" என்ற கேள்வி தவறாமல் வரும். மாலையில் வீட்டில் சில பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். நான்கையும் சம அளவில் நடத்தினால் நான்கும் அரைகுறையாகத்தான் நிற்கின்றன. அதனால் ஒன்றை முதன்மையாக வைத்து மற்றவற்றைத் துணைக்கு வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். நான் எடுத்தது நீக்கல் முறை, அதாவது இரண்டு சமன்பாடுகளையும் கூட்டியோ கழித்தோ ஒரு மாறியை மறையவைக்கும் வழி. இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

பேச ஒரு கணக்கு வேண்டும். 3 நோட்டும் 4 பேனாவும் சேர்ந்து 100 ரூபாய். 2 நோட்டின் விலை, 3 பேனாவின் விலையைவிட 10 ரூபாய் கூடுதல். நோட்டு விலையை ந என்றும் பேனா விலையை ப என்றும் வைத்துக்கொள்வோம்.

3ந + 4ப = 100
2ந − 3ப = 10

விடை: நோட்டு 20 ரூபாய், பேனா 10 ரூபாய்.

வரைபட முறையை முதலில் முடித்துவிடலாம். புரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. முதல் சமன்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு விலையைச் சொல்ல முடியாது. நோட்டு 4, பேனா 22 என்றாலும் சரி, நோட்டு 12, பேனா 16 என்றாலும் சரி, நூறு ரூபாய் வந்துவிடும். அப்படிப்பட்ட எல்லா ஜோடிகளும் ஒரே நேர்கோட்டில் வரிசையாக நிற்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டாவது கோடு அதை (20, 10) என்ற இடத்தில் வெட்டும்போது 'தீர்வு' என்றால் என்ன என்று தனியாக விளக்கத் தேவையே இருக்காது. கோடுகள் இணையாகப் போனால் தீர்வு இல்லை. ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் தீர்வுக்கு எண்ணிக்கை இல்லை. இவ்வளவும் ஒரு படத்தில் அடங்கிவிடும். ஆனால் விடை கண்டுபிடிக்கும் கருவியாக அது நம்பகமானது இல்லை. விடை 190/17 என்று வந்தால் எந்த வரைபடத்தாளில் அதைப் படிப்பது? முதல் நாள் வகுப்பில் படம், அப்புறம் கணக்கு என்பது என் வழக்கம்.

குறுக்குப் பெருக்கல் பிள்ளைகளுக்குப் பிடித்த முறை. கெழுக்களை, அதாவது மாறிகளுக்கு முன்னால் இருக்கும் எண்களை, மாறி இல்லாத எண்ணோடு சேர்த்து வரிசையாக எழுதி, அம்புக்குறி போட்டு, பெருக்கிக் கழித்தால் வேலை முடிந்தது. நம் கணக்கில் −340, −170, −17 என்று மூன்று எண்கள் கிடைக்கும். முதல் இரண்டையும் மூன்றாவதால் வகுத்தால் 20, 10. வேகமானது, மறுப்பதற்கில்லை. ஆனால் எல்லா உறுப்புகளையும் இடப்பக்கம் கொண்டுவந்து வலப்பக்கம் பூஜ்யம் ஆக்கிய பிறகுதான் தொடங்க வேண்டும். அதை மறந்து 100, 10 என்று அப்படியே போட்டால் −20, −10 என்று விடை வரும். எண் சரி, இரண்டிலும் குறி மட்டும் தலைகீழ். இப்படி ஒரு விடைத்தாள் வந்தால் மற்ற வரிகளைப் பார்க்காமலே காரணத்தைச் சொல்லிவிடலாம். மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்புப் பாடத்தில் 2022இல் பாடச்சுமையைக் குறைத்தபோது இந்த முறையை எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை.

ஆக, உண்மையான போட்டி பிரதியிடலுக்கும் நீக்கலுக்கும்தான்.

பிரதியிடலின் யோசனை எளிது. ஒரு மாறியை மற்றதன் வழியாகச் சொல்லி, அதை அடுத்த சமன்பாட்டில் வைத்துவிட வேண்டும். ஏதாவது ஒரு மாறியின் கெழு 1 ஆக இருந்தால் நானே பிரதியிடலைத்தான் போடச் சொல்வேன். ந = 2ப என்று நேராகவே கொடுத்திருக்கும்போது நீக்கலைத் தேடிப் போவது வீண் வேலை. கெழுக்கள் 3, 4, 2, 3 என்று இருந்தால்தான் சிக்கல். முதல் சமன்பாட்டிலிருந்து

ந = (100 − 4ப)/3

இதை இரண்டாவதில் வைத்தால்

2(100 − 4ப)/3 − 3ப = 10

அடுத்த வரி 200 − 8ப − 9ப = 30 என்று வர வேண்டும். இந்த ஒரு தாவலில் மூன்று வேலைகள் நடக்கின்றன: அடைப்பைப் பிரிப்பது, பின்னத்தின் கீழே, பகுதியில் இருக்கும் 3ஐ நீக்குவது, அதற்காக மற்ற உறுப்புகளை எல்லாம் 3ஆல் பெருக்குவது. வலப்பக்கத்து 10ஐப் பெருக்க மறப்பதுதான் வழக்கமான வழுக்கல். 190/17 அப்படித்தான் பிறக்கிறது.

நீக்கலில் இதே கணக்கு:

9ந + 12ப = 300
8ந − 12ப = 40
17ந = 340

முதல் சமன்பாட்டை 3ஆலும் இரண்டாவதை 4ஆலும் பெருக்கினேன், பிறகு கூட்டினேன். ந = 20. ஒரு வரிக்கு ஒரு வேலை. நான் இந்தப் பக்கம் வந்ததற்கு இதுதான் காரணம். வேகம் காரணமில்லை. வேகத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: தப்பு வந்தால் அது எந்த இடத்தில் நுழைந்தது என்று பிள்ளையே கண்டுபிடிக்க முடிகிறதா? பதினான்கு வயதுப் பிள்ளை தப்பு போடும், போடத்தான் செய்யும். விடை தப்பு என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதா, ஓட்டையை மட்டும் அடைப்பதா என்பதில்தான் தேர்வில் நேரம் போகிறது. வீட்டுப்பாடத்தில் பொறுமையும் அங்கேதான் போகிறது.

ஒரு தப்பைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். இதே கணக்கில் ஒரு பிள்ளை ந-வை நீக்கப் பார்க்கிறது:

6ந + 8ப = 200
6ந − 9ப = 30

கழிக்க வேண்டும். 8ப-யிலிருந்து −9ப-யைக் கழித்தால் 17ப. குறியைக் கவனிக்காமல் 8 − 9 என்று போட்டால் −ப = 170, அதாவது ப = −170. இதை முதல் சமன்பாட்டில் வைத்தால் 3ந = 780, ந = 260. முழு எண்ணாகவே வந்துவிட்டது, பின்னம்கூட இல்லை. பிள்ளைக்குச் சந்தேகம் எழாது. சரிபார்க்கிறேன் என்று முதல் சமன்பாட்டிலேயே மறுபடி போட்டால் 780 − 680 = 100, கச்சிதமாகப் பொருந்தும். பொருந்தாமல் எப்படி இருக்கும், அதிலிருந்துதானே ந-வையே எடுத்தோம்! மற்றச் சமன்பாட்டில் போட்டால்தான் குட்டு உடையும்: 520 + 510 = 1030, வர வேண்டியது 10. பேனா வாங்கினால் கடைக்காரர் எதற்கு 170 ரூபாய் கையில் தருகிறார் என்று கேட்கவும் செய்யலாம். ஆனால் கதை இல்லாத வெறும் சமன்பாடாகக் கொடுத்தால் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

இனிமேல்தான் விஷயம். புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை 20, 10 என்று இருக்கிறது. அதை எடுத்து ஒவ்வொரு வரியிலும் போட்டுப் பார்க்கச் சொல்வேன். 6ந + 8ப: 120 + 80 = 200, சரி. 6ந − 9ப: 120 − 90 = 30, சரி. −ப = 170: −10 எங்கே, 170 எங்கே? தப்பு இந்த வரியில்தான். மேலே உள்ளது எல்லாம் நல்ல வரி, தொட வேண்டாம். நீக்கலில் எழுதும் ஒவ்வொரு வரியும் தன்னளவில் ஒரு முழுச் சமன்பாடு. சரியான விடை அதற்குப் பொருந்தியே தீர வேண்டும். பொருந்தாத முதல் வரிதான் குற்றவாளி. ஒரு வரிக்கு ஒரு வேலைதான் என்பதால், எந்த வேலையில் தப்பு என்பதும் உடனே தெரிந்துவிடும்.

நியாயமாகச் சொன்னால், பிரதியிடலிலும் இந்தச் சோதனை செல்லும். 200 − 8ப − 9ப = 10 என்ற தப்பு வரியில் ப = 10 என்று வைத்தால் இடப்பக்கம் 30 வரும், பொருந்தாது. வரி பிடிபட்டுவிடும். ஆனால் அந்த வரியில் நடந்த மூன்று வேலைகளில் எது சொதப்பியது என்று தேட வேண்டும். நன்றாகப் போடும் பிள்ளை தேடிவிடும், தடுமாறும் பிள்ளை அடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். குறுக்குப் பெருக்கலில் இந்த வசதியே இல்லை. இடையில் வரும் −340 என்பது வெறும் எண். விடையைப் போட்டுப் பார்க்க அங்கே சமன்பாடு கிடையாது. பெருக்கலை மறுபடி செய்துதான் பார்க்க வேண்டும்.

குறித் தப்பையே குறைக்க ஒரு வழி உண்டு: கழித்தலையே ஒதுக்கிவிடலாம். இரண்டு சமன்பாடுகளிலும் எந்த மாறிக்கு எதிரெதிர்க் குறி இருக்கிறதோ, அதை நீக்க வேண்டும். நம் கணக்கில் அது ப. பெருக்கிவிட்டுக் கூட்டினால் போதும். இரண்டுக்கும் ஒரே குறி என்றால் ஒரு சமன்பாட்டை முழுவதுமாக −1ஆல் பெருக்கி எழுதிவிட்டுக் கூட்டலாம். ஒரு வரி கூடும். அந்த ஒரு வரி தண்டம் என்று வேகமான பிள்ளைகள் முனகுவார்கள், முனகட்டும்.

தீர்வு இல்லாத கணக்கு வந்தாலும் நீக்கல் தடுமாறாது. 3ந + 4ப = 100, 6ந + 8ப = 210 என்று கொடுத்தால், முதலாவதை இரட்டித்துக் கழிக்கும்போது 0 = 10 என்று வந்து நிற்கும். இது நடக்காத காரியம், ஆகவே தீர்வு இல்லை. குறுக்குப் பெருக்கலில் பூஜ்யத்தால் வகுக்க வேண்டிய நிலைமை வரும். பிள்ளை பயந்துபோய் பேனாவைக் கீழே வைத்துவிடும்.

அப்புறம், மேல் வகுப்புகள். பத்தாம் வகுப்பில் மூன்று மாறிகள் வருகின்றன. அங்கே நீக்கலை அப்படியே நீட்டலாம். பிரதியிடலை நீட்டினால் அடைப்புக்குள் அடைப்பு. பன்னிரண்டாம் வகுப்பில் கிராமர் விதியும் காஸ்ஸியன் நீக்கல் முறையும் ஒரே பாடத்தில் இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்பின் குறுக்குப் பெருக்கலை வேறு உடையில் பார்த்தால் அதுதான் கிராமர் விதி. ஜெர்மன் கணித மேதை காஸ் பெயர் ஒட்டிக்கொண்டதே தவிர, நீக்கல் அவருக்கு மிக முந்தியது. 'ஒன்பது அத்தியாயங்கள்' என்ற பழைய சீனக் கணித நூலின் எட்டாவது அத்தியாயம் முழுக்க இதுதான். மூன்று தரத் தானியக் கட்டுகளிலிருந்து 39, 34, 26 அளவு தானியம் வருகிறது, ஒரு கட்டுக்கு எவ்வளவு என்பது அதன் முதல் கணக்கு. எண்ணுகுச்சிகளைப் பலகையில் நிரல் நிரலாக வைத்து, பெருக்கிக் கழித்துத் தீர்த்திருக்கிறார்கள். சீனக் கணித அறிஞர் லியூ ஹுயி அதற்கு உரை எழுதியது கி.பி. 263இல். இன்று கணினி செய்வதும் அடிப்படையில் இதையேதான். பத்து மாறிகள் என்றால் நீக்கலுக்குச் சில நூறு பெருக்கல்கள் போதும். கிராமர் விதியில் வரும் அணிக்கோவையை (கெழுக்களைச் சதுரமாக அடுக்கிப் பெருக்கி, கூட்டிக் கழித்துப் பெறும் எண்) நேராக விரித்தால் ஒன்றுக்கே 36,28,800 உறுப்புகள்.

பிரதியிடல் மட்டுமே கைகொடுக்கும் இடமும் இருக்கிறது. ஒரு சமன்பாடு நேர்கோடு, இன்னொன்று வட்டம் என்றால் நீக்கல் பெரும்பாலும் உதவாது. கோட்டிலிருந்து ஒரு மாறியை எடுத்து வட்டத்தில் வைத்துத்தான் ஆக வேண்டும். அதனால் பிரதியிடலை நான் விட்டுவிடவில்லை; இரண்டாவதாக நடத்துகிறேன். வினாத்தாளில் 'பிரதியிடல் முறையில் தீர்க்க' என்று கேட்டிருந்தால் அதில்தான் போட வேண்டும் என்பதையும் பிள்ளைகளுக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

போட்டித் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்த பழக்கம் எனக்குக் குறைவு. வழிமுறைக்கு மதிப்பெண் இல்லாமல் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்ற இடத்தில் கணக்கு வேறு மாதிரி இருக்கலாம். கொடுத்த விடைகளை இரண்டு சமன்பாடுகளிலும் போட்டுப் பார்ப்பதே அங்கே எந்த முறையைவிடவும் வேகமாக இருக்கும் என்றுதான் தோன்றுகிறது.