மொட்டை அடியா, செப்புக் கிண்ணமா? பழைய வின்செஸ்டர் 94-க்கு எந்த ஈயக் குண்டு

பழைய லீவர் ஆக்‌ஷன் துப்பாக்கிக்கு (விசைக்குக் கீழே இருக்கிற நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றுவது) வார்த்த ஈயக் குண்டு போட ஆரம்பிக்கிற எல்லோரும் கொஞ்ச நாளிலேயே இந்தக் கேள்விக்கு வந்துவிடுவார்கள். அடிப்பாகம் மொட்டையாக இருக்கிற மெத்தென்ற குண்டா, இல்லை அடியில் செப்புக் கிண்ணம் மாட்டிய, கொஞ்சம் கெட்டியான கேஸ் செக் குண்டா? இரண்டுக்கும் உயிரைக் கொடுத்து வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே துப்பாக்கியில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது என்பது என் கட்சி.

துப்பாக்கி எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பதிலில் பாதி அதில்தான் இருக்கிறது. ஜான் பிரௌனிங் வடிவமைத்து நியூ ஹேவனில் தயாரான வின்செஸ்டர் 1894, அதிலும் .30-30 தோட்டாவுக்கானது. இந்த மாடல் முதலில் வந்தது .32-40, .38-55 என்ற கரும்பொடித் (புகை கக்குகிற பழைய வெடிமருந்து) தோட்டாக்களுக்கு. 1895-இல் புகையில்லாப் பொடியோடு .30-30 வந்தபோது அதற்கென்று நிக்கல் எஃகுக் குழல் போட்டார்கள். குண்டைச் சுழல வைக்கக் குழலுக்குள் வெட்டியிருக்கிற சுருள் வரி 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

குண்டு வார்ப்பதற்கு முன்னால் குழலை அளக்க வேண்டும். இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம், எனக்கு அதுதான் பெரிய வருத்தம். குழலில் எண்ணெய் தடவி, சுத்த ஈயத்தில் ஒரு துண்டை எடுத்து வாய்ப்பக்கமாக மெதுவாகத் தட்டித் தள்ளினால், அது வரிகளின் தடத்தை அப்படியே வாங்கிக்கொண்டு மறுபக்கம் விழும். மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தால் காகிதத்தில் போட்டிருக்கிற .308 அங்குலத்துக்கு மேல் இருப்பது இந்த வயதுத் துப்பாக்கிகளில் சகஜம். குண்டு நீங்கள் அளந்த அளவைவிட ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு பெரிதாக இருக்க வேண்டும். சிறிதாக இருந்தால் சூடான வாயு பக்கவாட்டில் கசிந்து ஈயத்தை அரித்து, குழல் முழுக்கப் பூசிவிடும். அப்புறம் நீங்கள் எந்த உலோகக் கலவை போட்டாலும் பிரயோஜனம் இல்லை.

இங்கேதான் ஒரு தவறான நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது: கெட்டியான ஈயம் என்றால் குழலில் ஒட்டாது என்று. உலோகத்தின் கடினத்தை அளக்கிற பிரினெல் கணக்கில் சுத்த ஈயம் 5 சுமார், 90 பங்கு ஈயம், 5 வெள்ளீயம், 5 ஆன்டிமனி கலந்த, குண்டு அச்சு செய்கிற லைமன் கம்பெனியின் பெயரில் வழங்கும் 2-ஆம் நம்பர் கலவை 15 சுமார், அச்சகங்களில் எழுத்து வார்த்த லைனோடைப் 22 சுமார். தேய்ந்த குழலில் சிறுத்துப்போன லைனோடைப் குண்டைப் போட்டால் அது அழுத்தத்துக்குக்கூட விரியாது, இடைவெளி அப்படியே நிற்கும். மெத்தென்ற குண்டு குறைந்த அழுத்தத்திலேயே கொஞ்சம் உப்பி இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் லைனோடைப்பை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை.

மொட்டை அடிக் குண்டுக்கு வருவோம். 20 பங்கு ஈயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம். வேகம் நொடிக்கு 1,400 அடிக்குள் இருக்கிற வரை நிம்மதி, உதை தோளுக்கே தெரியாது, சத்தமும் குறைவு, 50 கஜத்தில் துளைகள் அழகாகக் கூடி விழும். அதைத் தாண்டி வேகத்தை ஏற்றினால் அடிப்பாகத்தின் விளிம்பு தாங்காது. அது எப்படித் தெரியும் என்றால், காகிதம் சொல்லும்: வட்டமாக விழுந்துகொண்டிருந்த துளைகள் நீள ஆரம்பிக்கும், பழைய பூட்டின் சாவித் துவாரம் மாதிரி. குண்டு பக்கவாட்டில் புரண்டு போய்க் குத்தியிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்குச் சுடுவதை நிறுத்திவிட்டுக் குழலைத் துடைக்கப் போவதுதான் மரியாதை.

செப்புக் கிண்ணம் போட்ட குண்டுக்கு அந்த விளிம்புப் பிரச்சினை இல்லை. 170 கிரெயின் (11 கிராம்) சுமாருக்கு வருகிற லைமன் 311041 அச்சு இந்தத் தோட்டாவுக்கென்றே வந்தது. மூக்கு தட்டை, அடியில் கிண்ணத்துக்குப் படி. மூக்கு தட்டையாக இருப்பது அழகுக்காக இல்லை: தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருக்கிற குழாய் மகசினில் ஒரு தோட்டாவின் மூக்கு முன்னால் இருக்கிற தோட்டாவின் பிரைமரில் (அடியில் இருக்கிற, அடித்தால் தீப்பற்றும் மூடி) இடித்துக்கொண்டே இருக்கும், கூர்மூக்கு அதை வெடிக்க வைத்துவிடலாம். மொட்டை அடிக் குண்டுக்கும் இதே விதிதான். 1,800 அடி வேகத்தில்கூட இது ஒழுங்காகப் போகும், 100 கஜத்தில் காற்றுக்கும் அவ்வளவாக அசையாது. செலவு கூடுதல், கிண்ணம் தனியாக வாங்க வேண்டும், குண்டைச் சரியான பருமனுக்குக் கொண்டுவரும் அளவு அச்சில் அழுத்தி மாட்ட வேண்டும், ஒரு மாலை நேரம் போய்விடும். பொடி அளவைக் கையேட்டிலிருந்து மட்டும் எடுங்கள், நூறு வயது தாண்டிய எஃகில் ஊகம் வேண்டாம்.

சோதிக்கிற விதத்தில் பெரும்பாலான சண்டைகள் முளைப்பதால் இதையும் சொல்கிறேன். தொழிற்சாலைச் செப்புறைத் தோட்டா சுட்ட குழலில் நேராக ஈயம் சுட்டால் செப்புப் படிவு ஈயத்தை உரசிப் பிய்க்கும். அம்மோனியாக் கரைசலில் துணியைத் தோய்த்து இழுங்கள், நீலமாக வரும், மறுபடியும் இழுங்கள், மறுபடியும் நீலம், வெள்ளையாகவே வருகிற வரை விடாதீர்கள். முன்கட்டையை மணல் மூட்டையில் வைக்க வேண்டும், குழலை வைக்கக் கூடாது. மூன்று குண்டு சுட்டு முடிவு சொல்பவரை நம்ப வேண்டாம். ஐந்து ஐந்தாக, இரண்டு வகையையும் மாற்றி மாற்றி, நடுவில் குழலை ஆறவிட்டு, குறைந்தது ஐந்து சுற்று. மெதுவான குண்டு காகிதத்தில் வேறு உயரத்தில் விழும், அதைப் பார்த்துக் குறி தப்பிவிட்டது என்று பதற வேண்டாம். துளைகள் எவ்வளவு நெருக்கம் என்பதுதான் கணக்கு, உயரத்தைப் பின் குறியின் படிக்கட்டில் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்.

என் தீர்ப்பு இந்த .30-30-க்கு செப்புக் கிண்ணம்தான், லைமன் கலவையில், அளந்த குழலுக்குத் தகுந்த பருமனில். 50 கஜத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தகர டப்பா விழுத்த மட்டும் என்றால் மொட்டை அடியே போதும், கிண்ணத்துக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

ஆனால் உங்கள் குழலில் .32-40 என்று பொறித்திருந்தால் நான் சொன்னதைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அதன் சுருள் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று, .30-30-இன் 12-ஐவிட மெதுவானது, மெத்தென்ற ஈயத்தை அவ்வளவாக முறுக்காது, கரும்பொடிக்கும் ஈயத்துக்குமாகப் பிறந்தது, 165 கிரெயின் மெத்தென்ற மொட்டைக் குண்டு அதில் சொந்த வீட்டுக்குள் நடப்பது மாதிரிப் போகும்.