கையிலுள்ள டோக்கனா, சர்வீஸ் அக்கவுண்ட் சாவியா?

கூகுள் கிளவுட் சேவையைப் பைத்தான் நிரலிலிருந்து அழைப்போர், ஏற்கெனவே பெற்ற அணுகல் டோக்கனையே (அனுமதியைக் காட்டும் எழுத்துச்சரம்) கொடுப்பதா, சர்வீஸ் அக்கவுண்டின் (மனிதருக்கன்றி நிரலுக்கென உள்ள கணக்கு) ஜேசன் சாவிக் கோப்பைப் பயன்படுத்துவதா என்று தயங்குவதுண்டு.

எளிமை: டோக்கனுக்கு, கூகுளின் பைத்தான் நூலகத்திலுள்ள கிரெடென்ஷியல்ஸ் என்னும் வகுப்பில் அந்தச் சரத்தை இட்டு, சேவையை அழைக்கும் கிளையண்டிடம் ஒப்படைத்தால் போதும்; நகலெடுக்கையில் இறுதியில் வரிமுறிவு ஒட்டிக்கொண்டால் மட்டும் கோரிக்கை கிளம்பவே கிளம்பாது. சாவிக்கு, கணக்கு உருவாக்கி, உரிமைகளை ஒதுக்கி, கோப்பைத் தரவிறக்க வேண்டும்.

ஆயுள்: உண்மையான வேறுபாடு இங்கேதான் உள்ளது. டோக்கன் இயல்பாக 3,600 விநாடிகளில் காலாவதியாகும். அதன்பின் சேவையகம் 401 (அனுமதி செல்லாது) என்று மறுக்க, நூலகம் டோக்கனைப் புதுப்பிக்க முயன்று, புதியதைப் பெற உதவும் ரெஃப்ரெஷ் டோக்கன் இல்லாததால் பிழையுடன் நின்றுவிடும். இரவு முழுவதும் கோப்புகளை ஏற்றும் பணி பாதியில் அறுந்துபோவது பெரும்பாலும் இப்படித்தான். சாவி இருந்தால் நூலகமே புதிய டோக்கன்களைப் பெற்றுக்கொள்ளும்.

பாதுகாப்பு: கசிந்த டோக்கன் விரைவில் செல்லாததாகும். கசிந்த சாவியோ, பொதுவாக நாமே நீக்கும்வரை செல்லும்; ஆகவே அதனை நிரல் களஞ்சியத்தில் வைப்பதைக் கவனக்குறைவு என்றே சொல்வேன்.

ஒருமுறைச் சோதனைக்கும், பயனர் தம் உரிமையைத் தற்காலிகமாகத் தரும் செயலிக்கும் டோக்கன் பொருந்தும்; கூகுள் கிளவுடுக்கு வெளியே ஆளில்லாமல் நெடுநேரம் ஓடும் பணிக்குச் சாவி பொருந்தும்.