பர் ஓக் கன்று: களிமண் மனைக்கு வாங்கலாமா?

வாங்கலாம். அதுவும் சின்னக் கன்றாகப் பார்த்து வாங்குங்கள். பர் ஓக் என்பது வட அமெரிக்காவின் நாட்டு ஓக் மரங்களில் ஒன்று.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் எங்கள் பக்கத்துக் குடியிருப்புகளில் மேல்மண்ணை வழித்தெடுத்த பிறகுதான் வீடு கட்டினார்கள். மிஞ்சியது களிமண். அதில் தெரு நெடுக ஆஷ் மரங்களை நட்டார்கள். எமரால்டு ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு 2010-ல் இந்த மாநிலத்துக்குள் வந்தது. அதன்பின் ஆஷ் மரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. எங்கள் வீட்டு மேற்குப் பக்கமும் வெட்டவெளியாகிவிட்டது. ஜூலை மாதம் சாயங்கால வெயில் நேரே அடுப்படிக்குள் வந்து விழும். அந்த இடத்துக்குத்தான் பர் ஓக் வைத்தோம்.

முதலில் போன கடையில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த மரத்தைக் காட்டினார்கள். தொட்டியிலிருந்து லேசாக உருவிப் பார்த்தால், வேர் கயிறு சுற்றியதுபோல் வட்டம் வட்டமாகச் சுற்றிக் கிடந்தது. அடிமரம் விரிந்து வேராகும் இடமோ மண்ணுக்குள் நாலு விரல் ஆழத்தில் புதைந்திருந்தது. இப்படிப்பட்ட மரத்தை அப்படியே நட்டால், சுற்றிய வேர் தடித்து ஒருநாள் அடிமரத்தையே நெரிக்கும். விலையும் அதிகம். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

பிறகு நாட்டு மரங்கள் மட்டும் வளர்க்கும் ஒரு சின்ன நர்சரியில் இடுப்பளவு கன்று கிடைத்தது. பர் ஓக்குக்கு ஆணிவேர்தான் உயிர். இளம் வயதில் பலத்தையெல்லாம் கீழே இறக்கிவிட்டுத்தான் மேலே கிளம்பும். அதனால் ஆரம்பத்தில் வளரவே இல்லை என்று தோன்றும். பயப்பட வேண்டாம். வேர் பிடித்தபின் வருஷத்துக்கு ஓர் அடி போல ஏறும். எங்களுடையது இப்போது என் தலையைத் தாண்டிவிட்டது. மைனஸ் 40 டிகிரி வரை தாங்கும் மரம் என்பதால் குளிருக்கு நான் எதுவும் செய்யவில்லை. முயல் கடிக்காமலிருக்க அடியில் கம்பிவலை மட்டும் போட்டேன்.

இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் இடுப்பு ஒடுங்கி மேல்பாதி அகலமாக விரியும், அடிப்பக்கம் வெளிறி மெல்லிய ரோமத்தோடு இருக்கும். சின்னக் கிளைகளில்கூடத் தக்கைபோல் வரப்பு வரப்பாகப் பட்டை எழும்பும். முற்றிய மரத்தில் அந்தப் பட்டை அவ்வளவு தடிமன். புல்வெளித் தீயில் மற்ற மரங்கள் கருகியபோது இது நின்றதற்கு அதுதான் காரணம்.

எதிர்வீட்டில் இருப்பது பின் ஓக் என்ற வேறொரு ஓக் வகை. சுண்ணாம்புச் சத்துள்ள எங்கள் மண்ணில் அதற்கு இரும்பு கிடைக்காமல் கோடையிலேயே இலை வெளுத்து மஞ்சளாகிவிடுகிறது. அதே மண்ணில் எங்கள் கன்று கரும்பச்சை. எனக்கு இதற்குமேல் சான்று வேண்டியதில்லை.

குறை இல்லாமல் இல்லை. இலையுதிர் காலத்தில் மேப்பிள் மாதிரி சிவக்காது. மங்கிய மஞ்சள், பிறகு பழுப்பு, அவ்வளவுதான். பர் ஓக் பிளைட் என்ற பூஞ்சை நோயும் உண்டு. கோடைக் கடைசியில் இலை காய்ந்து, காம்பு மட்டும் குளிர்காலத்திலும் கிளையை விடாமல் ஒட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள். ஓக் வில்ட் என்ற இன்னொரு பூஞ்சை நோய் இதைவிட மோசம். சிவப்பு ஓக் வகைகளை அது ஒரே கோடையில் கொல்லும். பர் ஓக் அவற்றைவிடத் தாக்குப்பிடிக்கும் என்றாலும் காயத்துக்கு வரும் வண்டுகள் நோயைக் கொண்டுவரும். அதனால் கிளை கழிக்கும் வேலையைக் குளிர்காலத்தில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை கத்தியை எடுக்காதீர்கள்.

வளர்ந்தால் 70, 80 அடி உயரம், கிட்டத்தட்ட அதே அளவு விரிவு. காய்கள் வேறு பெரிது, தொப்பியின் ஓரத்தில் குஞ்சம் தொங்கும்; நன்றாகக் காய்க்கும் வருஷத்தில் நடைபாதையெல்லாம் காலை இடறும். அதனால் சின்ன மனைக்கும், மின்கம்பிக்கு அடியிலும் இது சரிப்படாது. இடம் இருப்பவர்கள் வீட்டிலிருந்து தள்ளி வையுங்கள், தோண்டும் முன் 811 என்ற தொலைபேசி எண்ணைக் கூப்பிட்டு மண்ணுக்கடியில் குழாய், கம்பி எங்கே போகிறது என்று குறித்து வாங்குங்கள். நர்சரியில் வேரைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.