சுட்டால் கலப்பு தீருமா? நாலு ஊர் மான் கதை

கிளாஸ்கோவில் வேலை பார்க்கும் மேலூர்ப் பையன் ஒருவன், சுட்ட மானோடு நண்பன் நிற்கும் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். "மாப்ள, இங்க இதச் செஞ்சா உள்ள தூக்கிப் போட்ருவாய்ங்க. அங்க மட்டும் எப்பிட்றா?" என்று கேட்டார் அவன் தாய்மாமன். "இது இந்த ஊரு மானே இல்ல மாமா. எங்கிருந்தோ கொண்டாந்து விட்டது. சுட்டாத்தான் நல்லதுன்னு கவர்மெண்டே சொல்லுது" என்றான் இவன்.

அவன் சொன்னது சரி, ஆனால் பாதிதான். வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மானால் வரும் தொல்லை இரண்டு வகை. ஒன்று மேய்ச்சல்: செடி கொடியை மொட்டையடிப்பது. இன்னொன்று கலப்பு: உள்ளூர் மானோடு சேர்ந்து குட்டி போட்டு, அசல் இனத்தையே கரைத்துவிடுவது. இரண்டுக்கும் துப்பாக்கிதான் மருந்து என்று பல நாடுகள் கிளம்பின. ஒன்றில் கேட்கிற மருந்து மற்றதில் கேட்கவில்லை.

முதலில் ஸ்காட்லாந்து, ஏனென்றால் சிக்கல் முழுசாக இருப்பது அங்கேதான். சிகா மான் கிழக்காசியாவைச் சேர்ந்தது. 1860இல் அயர்லாந்தின் பவர்ஸ்கோர்ட் பூங்காவில் பிரபு ஒருவர் அழகுக்காகக் கொண்டுவந்து விட்டார். 1893இல் ஸ்காட்லாந்தின் கின்டயர் தீபகற்பத்திலும் கொஞ்சம் வந்து இறங்கியது. அங்கே ஏற்கெனவே சிவப்பு மான் உண்டு. வளர்ந்த சிவப்பு மான் கிடா 190 கிலோ வரை போகும். சிகா கிடா 70 கிலோவைத் தாண்டுவதே அபூர்வம். இவ்வளவு வித்தியாசம் இருந்தும் இரண்டும் சேரும், பிறக்கும் குட்டியும் மலடில்லை. அயர்லாந்தின் விக்லோ மலைகளில் இன்று அசல் எது, கலப்பு எது என்று பிரிப்பதே பெரும்பாடு.

சுடுகிறவன் நிலையில் நின்று பாருங்கள். விடியற்காலை, அரை வெளிச்சம், நூறு மீட்டர் தள்ளி மரத்தோரம் ஒரு மான். சிகா என்றால் வெருண்டதும் பின்புறத்து வெள்ளை மயிர் விசிறி மாதிரி விரியும். பின்னங்காலில் மூட்டுக்குக் கீழே வெளிறிய ஒரு திட்டு தெரியும். இணை தேடும் பருவத்தில் சிவப்பு மான் கர்ஜிக்கும். சிகா விசில் அடிக்கும். முதல் தலைமுறைக் கலப்பு என்றால் இந்த அடையாளங்கள் குழம்பிக் கிடக்கும், கண்டுபிடித்துவிடலாம். அந்தக் கலப்பு மறுபடி சிவப்பு மானோடு சேர்ந்து, அதன் குட்டியும் சிவப்பு மானோடே சேர்ந்தால்? ஜெர்சி ரத்தம் ஏறிய பசுவுக்கு ரெண்டு மூணு தலைமுறை புலிக்குளம் காளையையே போட்டால், கன்றைப் பார்த்துச் சந்தைத் தரகரே ஏமாந்து போவார். அந்தக் கதைதான் இதுவும். கின்டயர் பகுதியில் 735 மான்களின் மரபணுவைச் சோதித்து 2009இல் எடின்பரோ ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இதுதான்: பல இடங்களில் கலப்பு மிகக் குறைவு. வெஸ்ட் லாக் ஆ என்ற ஒரே இடத்தில் மட்டும் 43 சதவீதம்.

அந்த ஒரே இடம்தான் யோசிக்க வைக்கிறது. சிகா பரவும்போது முன்னால் போவது இளம் கிடாக்கள். புது இடத்தில் தன் இனப் பெட்டை கிடைக்காதபோதுதான் சிவப்பு மான் பெட்டையோடு சேர வாய்ப்பு அதிகம். ஆக, சிகா கூட்டம் கூட்டமாக வாழும் காட்டுக்குள் போய் நூறு சுடுவதைவிட, எல்லை தாண்டி முதலில் வரும் நாலைந்து கிடாக்களைச் சுடுவது கலப்பைத் தடுக்க அதிகம் உதவும் என்பது என் கணிப்பு. 2023 அக்டோபரில் ஸ்காட்லாந்து அரசு கிடா மான்களுக்கான தடைக்காலத்தையே எடுத்துவிட்டது. எண்ணிக்கை குறைய அது உதவும். ஆனால் சிகாவுக்குப் பிடித்த இடமே அடர்ந்த ஊசியிலைத் தோட்டக்காடு. சட்டம் அனுமதித்தாலும் உள்ளே புகுந்து குறி பார்க்க முடியவேண்டுமே! அதைவிடச் சமயோசிதமாக எனக்குப் படுவது, அர்ரன், ஜூரா, ரம் போன்ற தீவுகளுக்குள் சிகாவைக் கொண்டுபோய் விடக்கூடாது என்று தடுத்து வைத்திருப்பதுதான். கடல் செய்கிற காவலைத் துப்பாக்கி செய்யாது.

நியூசிலாந்தில் எல்லாம் தலைகீழ். அங்கே மண்ணின் மான் என்று எதுவுமே கிடையாது. சொந்தமான தரைப் பாலூட்டி என்றால் வவ்வால்தான். சிவப்பு மானும் வந்தது, வட அமெரிக்காவின் பெரிய மானான வாப்பிட்டியும் வந்தது. 1905இல், இன்று தேசியப் பூங்காவாக இருக்கும் ஃபியோர்ட்லாந்தில் இறக்கிய 18 வாப்பிட்டிகளில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் அன்பளிப்பாகக் கொடுத்தவையும் உண்டு. பின்னாளில் சிவப்பு மான் அந்தப் பக்கம் பரவி அதோடு கலந்தது. இப்போது வேட்டைக்காரர்களின் அறக்கட்டளை ஒன்று, சிவப்பு மான் சாயல் தெரிவதைப் பொறுக்கிச் சுட்டு வாப்பிட்டி சாயலைக் காப்பாற்றுகிறது. வேடிக்கை என்னவென்றால், வெளியிலிருந்து வந்த ஒன்றிடமிருந்து வெளியிலிருந்து வந்த இன்னொன்றைக் காக்கிறார்கள். அதுவும் தேசியப் பூங்காவுக்குள்! 1980ஆம் ஆண்டின் தேசியப் பூங்காச் சட்டமோ, அயல் உயிரினங்களை முடிந்தவரை ஒழிக்கவேண்டும் என்கிறது. கொம்பு அழகைக் காப்பதற்கு இந்த முறை சரி. அசல் ரத்தம் காப்பதாகச் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

டெக்சாஸ் கதையில் நாயகன் நம்ம ஊர்ப் புள்ளிமான். 1932இல் அங்கே போனது. உள்ளூர் வெள்ளைவால் மானோடு அது கலப்பதில்லை, பேரினமே வேறு. அதனால் கேள்வி சுலபம். நில உரிமையாளர் சம்மதமும் லைசென்ஸும் இருந்தால் வருஷம் முழுக்கச் சுடலாம். கண்ணை மட்டும் நம்பிச் சுட்டாலும் தப்பு வராது. 1868இல் புள்ளிமான் போய்ச் சேர்ந்த ஹவாயிலும் கவலை மேய்ச்சலைப் பற்றியதுதான்.

அந்தமானுக்கும் வெள்ளைக்காரர்கள் காலத்தில் புள்ளிமான் கப்பலேறியது. அங்கே அதைத் தின்னப் புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. காட்டின் அடித்தளச் செடிகளை அது மேய்ந்து தீர்க்க, தரையோரப் பல்லிகள் குறைவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வேட்டையைத் தடுக்கும் 1972 வனவிலங்குச் சட்டம்தான் அங்கேயும். இங்கே காப்பாற்ற வேண்டிய அதே மானை அங்கே குறைக்க வேண்டியிருக்கிறது. நாலு ஊரில் வேட்டை உண்மையிலேயே நியாயப்படுவது அந்தமானில்தான் என்பேன். அங்கேதான் அதற்கு எளிதில் வழியும் இல்லை.

மாமாவின் கேள்விக்கு வருவோம். நத்தம், சிங்கம்புணரிப் பக்கம் கிணற்றில் விழுந்தும் நாய் கடித்தும் சாகிற புள்ளிமான் இந்த மண்ணுடையது. அதைச் சுடும் பேச்சுக்கே இடமில்லை. கலப்புக் கேள்வி நம் பக்கம் எழுவதாக இருந்தால் அது பன்றியில்தான். காட்டுப்பன்றியும் ஊர்ப்பன்றியும் ஒரே இனம், சேரத் தடையே இல்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறையினர் சுடலாம். பேரையூர்ப் பக்கம் மக்காச்சோளம் போட்டவருக்கு அது அசலா கலப்பா என்பது பிரச்சினையே இல்லை, எண்ணிக்கை குறைந்தால் போதும். டெக்சாஸ் கணக்கு அவருக்குப் பொருந்தும். கலப்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் போய்ப் பேச வேண்டியது, ஊர்ப்பன்றியைக் கொட்டகையில் அடைக்காமல் கண்மாய்க் கரையில் மேயவிடுகிறவர்களிடம்.