பெட்டியில் 'கியூஐ2' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்

பினாங்கில் வயர்லெஸ் சார்ஜர் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

கொம்தார் பக்கம் ஒரு கைப்பேசிக் கடையில் 89 வெள்ளிக்கு ஒன்று வாங்கினேன். பெட்டியில் 'கியூஐ2 (Qi2), 15 வாட்' என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. கியூஐ என்பது வயர்லெஸ் சார்ஜர்களுக்கான தரம், கியூஐ2 அதன் புதிய பதிப்பு. "ஒரிஜினல்தான் அக்கா, பயப்படாதீங்க" என்று கடைப் பையன் கைப்பேசியை மேலே வைத்துக் காட்டினான். சார்ஜ் ஏறும் குறி வந்தது. சரி என்று காசைக் கொடுத்தேன்.

காரில் காந்தப் பிடியில் ஒட்டுவதற்காக என் தம்பி கைப்பேசி உறைக்குள் ஒரு சின்ன இரும்புத் தகடு வைத்திருக்கிறான். நிறைய பேர் அப்படி வைத்திருக்கிறார்கள். அதோடு சார்ஜரில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். பிளாஸ்டிக் தீயும் வாடை வந்து எழுந்து ஓடினோம். தகட்டைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. அதன் நான்கு மூலையும் உறையில் பழுப்பாகப் பதிந்திருந்தன. பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாக இருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கடைக்காரர் பழியைத் தகட்டின் மேல் போட்டார். அது நியாயமே இல்லை. சார்ஜரில் இருக்கும் சுருள் காந்தப்புலத்தின் வழியாகத்தான் கைப்பேசிக்கு மின்சாரம் அனுப்புகிறது. இடையில் இரும்பு வந்தால் அது சூடேறும். அதனால்தான், நடுவில் வேறு உலோகம் இருப்பதைக் கண்டுபிடித்து நிறுத்தும் பாதுகாப்பு கியூஐ தரத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது. அதே கைப்பேசியை அதே தகட்டோடு சின்னம்மா வீட்டில் இருந்த, சான்று பெற்ற சார்ஜரில் வைத்துப் பார்த்தோம். விளக்கு மினுக்கியது, சார்ஜ் ஏறவே இல்லை.

2023இல் வந்த கியூஐ2 தரத்தை நடத்துவது வயர்லெஸ் பவர் கன்சார்ட்டியம் (Wireless Power Consortium) என்ற நிறுவனங்களின் கூட்டமைப்பு. சான்று பெற்ற பொருள்களின் பட்டியல் அவர்கள் இணையத்தளத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் தேடலாம். நான் வாங்கியதன் பிராண்டும் இல்லை, மாடல் எண்ணும் இல்லை. கடையிலேயே நின்று கைப்பேசியில் தேடிப் பாருங்கள், காசு கொடுப்பதற்கு முன்னால்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது, "வித்த சாமான் திரும்ப எடுக்க மாட்டோம்" என்று சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார்கள். அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. கடைக்காரர் தாள் ஒட்டி அதைத் தள்ளிவிட முடியாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போட 5 வெள்ளிதான் கட்டணம், வழக்கறிஞர் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம்.

நான் மனு போடுகிறேன். ரசீதில் வெறும் 'சார்ஜர்' என்று கிறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் வாங்கும்போது மாடல் எண்ணை எழுதச் சொல்லி வாங்குங்கள், பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள். இதே சார்ஜரை அங்கே வாங்கியவர்கள் இருந்தால் முதலில் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள். உங்கள் ரசீதும் சேர்ந்தால் மனு இன்னும் வலுவாக இருக்கும்.