கோடை முகாமுக்கு விறகா, கேஸ் அடுப்பா, நெருப்பே வேண்டாமா?

மாசி பாதியில் புல் காயத் தொடங்கியதிலிருந்து கோடை மழை விழும்வரை மலையில் கூட்டமாகக் கூடாரம் போடுகிறவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்த நெருப்பு என்பதைத்தான். விறகு மூட்டலாம், கேஸ் அடுப்பு கொண்டுபோகலாம், இரண்டும் இல்லாமல் கட்டுச்சோற்றோடு போகலாம். கொடைக்கானல் கீழ்மலையிலும் சிறுமலையிலும் தனியார் தோட்டங்களில் முகாம் போடுகிற எங்கள் குழு, வறண்ட மாதங்களில் விறகை அடியோடு விட்டுவிட்டு கேஸுக்கு மாறிவிட்டது. அதனால் இது கேஸ் பக்கம் சாய்ந்த அலசல்தான்.

நான் பேசுவது பட்டா நிலத்தைப் பற்றி மட்டுமே. காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம், அங்கே ஒப்பிட எதுவும் இல்லை.

விறகு தரும் சுகம் எல்லோருக்கும் தெரியும். சுற்றி உட்கார்ந்து குளிர் காயலாம், பாட்டு, சுட்ட சோளம், நள்ளிரவு வரை பேச்சு. புகையும் கரிப்பாத்திரமும் சின்னத் தொந்தரவுகள். பொறி பறந்து கூடாரத்து நைலானில் ஓட்டை விழுவது கொஞ்சம் பெரிய தொந்தரவு. என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது இவை எதுவும் இல்லை. மூட்டிய நெருப்பை எப்படி அணைக்கப்போகிறோம் என்பதுதான்.

முகாம் நெருப்பை முறையாக அணைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். முதல் வாளி ஊற்றியதும் 'உஸ்' என்று ஆவி கிளம்பும், மேலே கறுத்துவிடும், எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். மண்வெட்டியால் ஒரு கட்டையைப் புரட்டினால் அதன் அடிப்பக்கம் செக்கச்செவேல் என்று கிடக்கும். மறுபடி ஊற்ற வேண்டும், கிளற வேண்டும், அடிமண்ணையும் வெட்டிப் புரட்ட வேண்டும். 'உஸ்' சத்தம் முழுவதும் நின்று, புறங்கையைக் கிட்டே கொண்டுபோனால் சூடே தெரியாத அளவுக்கு ஆக வேண்டும். மண்ணை அள்ளிப் போட்டு மூடுவது அணைப்பதாகாது. உள்ளே நீறு பூத்த நெருப்பாகக் கிடந்து, மறுநாள் காற்று மண்ணை விலக்கியதும் கங்கு வெளியே வரும். அடியில் மக்கிய சருகோ காய்ந்த வேரோ இருந்தால் தீ அதன் வழியே புகைந்துகொண்டே நகரவும் செய்யும்.

இதற்கெல்லாம் தண்ணீர் வேண்டும். பங்குனியில் மலையில் இல்லாதது அதுதான். ஓடை வற்றியிருக்கும், தோட்டத்துத் தொட்டியில் அடிமட்டத்தில் கொஞ்சம் கிடக்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்று சிக்கனமாகப் போட்டாலும் 40 பேருக்கு 200 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் 10. அத்தனையையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள், ராத்திரி 11 மணிக்கு இரண்டு மூன்று கேனை நெருப்பில் கொட்ட மனம் வருமா? மறுநாள் காலைக் காப்பிக்கும் குடிக்கவும் வேண்டுமே. ஈரமான மாதத்தில் ஓடைத் தண்ணீரை மொண்டு ஊற்றி முடிக்கிற வேலை, நெருப்பு மிக ஆபத்தாக இருக்கும் மாதத்தில்தான் முடியாத வேலையாகிறது. கேஸில் ரெகுலேட்டரைத் திருப்பினால் தீர்ந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம்.

கூட்டமாக இருப்பது இதை இன்னும் மோசமாக்குகிறது. நாலு பேர் மூட்டிய நெருப்பை நாலு பேரும் பார்ப்பார்கள். 40 பேரின் நெருப்புக்கு ஆளாளுக்குச் சுள்ளி போடுவார்களே தவிர, பொறுப்பாளி கிடையாது. அணைக்கப் போனால் "அண்ணே, இன்னும் அரை மணி நேரம் எரியட்டும்ணே" என்பார்கள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் கேட்ட தம்பிகள் தூங்கியிருப்பார்கள். கேஸ் அடுப்புக்குச் சமையல்காரர் ஒருவர்தான் எஜமான். அவர் மூடினால் மூடியதுதான்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்களைத் தீ சூழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும்போது மனிதனால் அதை முந்த முடியாது. சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது ஆஸ்திரேலியக் காட்டுத்தீ ஆய்வாளர்களின் கணக்கு. அணையாத ஒரு கங்கு இந்தச் சரிவில் என்ன செய்யும் என்று நினைத்துத்தான் நான் விறகை விட்டேன்.

கேஸ் ஒன்றும் சாது இல்லை. 2005 பிப்ரவரியில் சிலி நாட்டின் டோரஸ் டெல் பைனே தேசியப் பூங்காவில், அனுமதியில்லாத இடத்தில் ஒரு பயணி வைத்திருந்த சின்ன கேஸ் அடுப்பு கவிழ்ந்து 10,000 ஹெக்டேருக்கும் மேல் எரிந்தது. புல்லின் மேல் அடுப்பை வைத்தால் கேஸும் விறகும் ஒன்றுதான். நாங்கள் பாறைமேல் வைப்போம். பாறை கிடைக்காவிட்டால் சுற்றிலும் 10 அடிக்குப் புல்லையும் சருகையும் செதுக்கி வெறும் மண்ணாக்கிவிட்டுத்தான் பற்றவைப்போம். பக்கத்திலேயே தீயணைப்பு உருளையும், யாரும் தொடக்கூடாத ஒரு கேன் தண்ணீரும் இருக்கும்.

எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் பள்ளத்தில் போய்த் தேங்கும். தீயோ மேட்டை நோக்கி ஓடும். ஆகவே கூடாரங்களுக்கு நேர் கீழேயும் சமையலிடம் கூடாது, நேர் மேலேயும் கூடாது. அதே மட்டத்தில் பக்கவாட்டில் தள்ளி அமைக்க வேண்டும். கூடாரத்துக்குள் அடுப்பு என்ற பேச்சே வேண்டாம். டப்பா கேஸ் போடும் கையடக்க அடுப்புகளில் பெரிய பாத்திரம் வைத்தால் சூடு டப்பாவுக்குத் திரும்பி வெடிக்கக்கூடும். கூட்டத்துக்கு 5 கிலோ சிலிண்டரும் தனி பர்னரும்தான் சரி.

மூன்றாவது வழியான கட்டுச்சோறு, பாதுகாப்பில் இரண்டையும் மிஞ்சியது, அதை மறுக்கவில்லை. புளியோதரை, சப்பாத்தி, ஃபிளாஸ்கில் டீ, சாயங்காலத்துக்கு எல்இடி விளக்கு. ஒரே இரவு என்றால், அல்லது காற்று பலமாக அடிக்கிறது என்றால், நானும் இதைத்தான் சொல்வேன். இரண்டாம் நாள் சாதம் ஊசிப்போகும், அங்கேதான் கேஸ் முந்துகிறது. பேட்டரிப் பெட்டியில் ஓடும் மின்னடுப்பு டீ போட நன்றாக இருந்தது. 40 பேர் சமையலை அதில் நான் பார்த்ததில்லை, அதனால் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

முகாம் இடம் தரும் பலர் 'கேம்ப்ஃபயர்' என்று கட்டணத்திலேயே சேர்த்திருப்பார்கள். முன்பணம் கட்டும்போதே அது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பணத்தைக் குறைக்கத் தயங்குகிறவர்களும், அதற்குப் பதிலாக நாலு கேன் தண்ணீர் கேட்டால் பெரும்பாலும் சரி என்கிறார்கள்.